கேக் வெட்டுவதற்கு முன்

சின்னவன் கட்டைவிரலால் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தான். தள்ளத் தள்ள அவன் அனுப்பிய பதில்கள்தான் வந்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு ‘சூப்பர்ப்பா.’ அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கும் ‘சூப்பர்ப்பா.’ எதற்குச் சூப்பர் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

கூடத்தின் நடுவில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டி ஊரார் நோயையெல்லாம் ஏற்றி இறக்கியவர், நேற்றுக் காலை சொந்த வீட்டுக் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கையிலிருந்த போன் வாளித் தண்ணீரில் விழுந்து, அதுவும் அவரோடு போயிற்று.

லிஃப்டுக்குள் நோயாளிகளோடு பேசக் கூடாது என்பது அங்கே விதி. மனிதர் வருஷம் முழுக்க வாயை அடக்கிவைத்துக் கிறிஸ்துமஸ் அன்றுதான் திறப்பார். மேசையைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிக்காமல் கத்தி கேக்கைத் தொடக் கூடாது. சின்னவன் வேலைக்காக வெளியூர் போய், ஒன்பது கிறிஸ்துமஸாக வீட்டுக்கு வரவில்லை. அதனால் அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்து அவனுக்கு மட்டும் அனுப்புவார். பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் ஓடும். அப்புறம் கேட்கலாம் என்று வைத்தவன் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. போனில் இடம் போதவில்லை என்று போன மாதம் ஒன்பதையும் சேர்த்து அழித்தபோது ஒரு நொடி யோசிக்கவும் இல்லை.

இப்போது அக்கா அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள். போன வருஷம் அம்மாவைப் பற்றி அப்பா சொன்னதைப் பெட்டியை மூடுமுன் எல்லோரும் ஒருதரம் கேட்க வேண்டும் என்று போதகரிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

“கிடைச்சுதாடா?”

“தேடிட்டிருக்கேன்க்கா.”

காத்திருந்த நேரத்தில் ஆளாளுக்குப் பழைய கிறிஸ்துமஸ்களை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை குறட்டைக்குப் பயந்துதான் இந்தத் தெருவில் திருடனே கால் வைப்பதில்லை என்று மாமனார் பாராட்டியதை அக்காவின் கணவர் சொன்னார். தான் கருக்கிய கேக்கை, கடை கடையாக ஏறி இறங்கினாலும் இந்த நிறம் கிடைக்காது என்று புகழ்ந்ததைச் சொல்லிச் சித்தி அழுதபடியே சிரித்தாள். எல்லோரிடமும் ஒன்று இருந்தது. அத்தனையும் தேடி வந்தும் தொலைத்தவன் அவன் ஒருவன்தான்.

போதகர் அருகில் வந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது.

“முழுசும் போட வேணாம் தம்பி. அம்மாவைப் பத்திச் சொன்னது எந்த இடத்துல வருது?”

“கடைசிலங்கய்யா.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அக்கா சட்டென்று அவனைப் பார்த்தாள். பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மாவும் தலையை நிமிர்த்தினாள். எந்த வருஷமும் அப்பா அம்மாவில்தான் ஆரம்பிப்பார். அது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

“அவனைப் போட்டுப் படுத்தாதீங்க. அது அவன்கிட்ட இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு, அழிச்சிடுடான்னு நான்தான் சொன்னேன்.”

இந்த வயசில் என்னக்கா வெட்கம் என்றாள் சித்தி. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். போதகரும் புன்னகைத்துவிட்டு வேதாகமத்தைப் பிரித்தார். அம்மா பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. அதையும் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, பத்துப் பேர் பார்க்கச் சொல்ல வைத்துவிட்டான். இல்லை, நான்தான் அழித்தேன் என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது. அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜெபம் முடிந்ததும் அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“போன வருஷம் என்னைப் பத்தி அப்பா என்னம்மா சொன்னாரு?”

அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தான்.

“நான் பேசுறதப் பொறுமையா முழுசாக் கேக்குற ஆளு அவன் ஒருத்தன்தான்னாரு,” என்றாள் மெதுவாக. “வருஷா வருஷம் அதேதான் சொன்னாரு.”

பெட்டியை மூடினார்கள். தூக்க ஆறு பேர் சேர்ந்தார்கள். அவனைத் தலைப்பக்கம் நிற்கச் சொன்னார்கள். ஆறு பேரில் அவன்தான் குட்டை. எல்லோரும் தூக்கியதும் அவன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தது. கையை உயர்த்திப் பெட்டியைத் தொட்டானே தவிர, பாரம் அவன்மேல் இறங்கவில்லை. கொஞ்சம் இறக்கிக்கலாம் என்றார் அக்காவின் கணவர். மற்ற ஐந்து பேரும் முழங்காலை மடக்கி அவன் உயரத்துக்குத் தாழ்ந்தார்கள். அப்படியே வாசல் வரை நடந்தார்கள்.