நிழலுக்கு வெளியே ஒரு துணிக்கொடி

குன்றின் மேல் நிறுத்திய காற்றாலை, அது வேண்டாம் என்று நினைத்தவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. வேண்டும் என்றவர்கள் அங்கே வழக்கம்போல் புல்லையும் வானத்தையும் பார்த்தார்கள். முதல் மாதமே டிராக்டர்காரர் வெட்டவெளி என்று நம்பி வண்டியை விட்டு, அடித்தூணில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். "நல்ல திட்டம்தான், கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார் கட்டுப் போட்டவரிடம். கம்பெனி ஆட்களுக்கும் ஏணி தட்டுப்படாததால், பறவைகள் செத்துப்போகும் என்று மறியல் செய்த தையல்காரரையே வேலைக்கு வைத்தார்கள். அவர் தினமும் திட்டிக்கொண்டே அதற்கு எண்ணெய் போட்டார்.

குன்று, அதன் அடிவாரத்தில் குடியிருந்த கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. "புகையில்லாம கரண்ட் வரட்டும். நம்ம பொண்ணோட பிள்ளைங்களாவது இருமாம இருக்கட்டும்" என்று அவர் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். பால் பொங்கும்வரை சமையலறை ஜன்னல் வழியாக அந்த வெறுங்குன்றைப் பார்த்து நிற்பது அவளுக்கு வழக்கம். நாள் முழுவதிலும் அவளிடம் எதையும் கேட்காத பொருள் அது ஒன்றுதான். அதை ஒரு காரணம் என்று வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திட்டம் பற்றி வீடுவீடாகக் கருத்துக் கேட்க வந்த பெண்ணிடம், "இவர் சொன்னதுதான்" என்றாள். ஆதரவு என்று எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.

இறக்கைகள் சுற்றத் தொடங்கிய காலையில் அவள் அவற்றைப் பார்த்தாள். பார்த்தது தெரிந்தால் நினைத்ததும் தெரிந்துவிடும். ஆகவே ஆறு வருஷம், சுவரில் நிழல் வெட்டிப் போகும்போதெல்லாம் இமைக்காமல் இருக்கப் பழகினாள். துணி காயப்போடும்போது மட்டும் பழக்கம் உதவவில்லை.

"எதுக்கு எல்லாத்தையும் ஒரே ஓரத்துல நெருக்கிப் போடுற? இந்தப் பக்கம் வெயில் சும்மாதானே கிடக்கு?" என்றார் அவர் ஒருநாள்.

"அங்க நிழல்ங்க" என்றுவிட்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் காலியாக இருந்தது. துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து?"

"முத நாள்லேருந்து."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. சும்மா பார்த்துக்கிட்டு நிப்பேன், அவ்வளவுதான்."

மறுநாள் பிற்பகல் அவர் கடப்பாரையோடு வந்து நின்றார். "நிழல் எதுவரைக்கும் விழுதுன்னு காட்டு."

அவள் குதிகாலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவருக்கு ஒரே வெயில். ஆனாலும் கோட்டைத் தாண்டி இரண்டு முழம் தள்ளிக் குழி தோண்டினார், கம்பம் நட்டார், கொடியை இழுத்துக் கட்டினார்.

அடுத்த முறை அந்தப் பெண் கருத்துக் கேட்க வந்தபோது, "எனக்குத் தெரியலை, இவளுக்குத் தெரியுது. ரெண்டையும் எழுதிக்கம்மா" என்றார். படிவத்தில் வீட்டுக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அந்தப் பெண் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

குளிர்காலத்தில் நிழல் நீளும் என்பதால் வருஷத்துக்கு இரண்டு முறை கம்பத்தைப் பிடுங்கி நடவேண்டியிருந்தது. அவள் கோடு கிழிப்பாள், அவர் தோண்டுவார். மற்ற நாட்களில், பால் பொங்கும் நேரத்துக்கு அவரும் ஜன்னலருகே வந்து நிற்பார்.

"சுத்துதா?"

"மெதுவா."

சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் அடுப்பைக் குறைப்பார்.