காய்ச்சிய கள்

அந்தோணியார் திருநாளன்று ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பது சூசைப்பிள்ளை குடும்பத்து உரிமை. ஒரு வருடம் தவறினாலும் அதைக் கொத்திக்கொண்டு போகப் பக்கத்துத் தெரு பாக்கியநாதன் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.

சூசைப்பிள்ளை சாமானியரல்லர். கோயில் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கள்ளுக்கடைப் பக்கமிருந்து காற்று வீசினால் மூச்சைக்கூட யோசித்துத்தான் இழுப்பார்.

திருநாளுக்கு முதல் நாள் காலை, மருமகள் டோரதி ரொட்டி மாவில் எதையோ ஊற்றுவதைப் பார்த்தார். வாடையே சொல்லிவிட்டது.

"கள்ளா? என் வீட்டிலயா?"

"இது இல்லாட்டி ரொட்டி பொங்காது லா மாமா. அத்தை இருந்தப்பவும் இதான் ஊத்துனாங்க."

இத்தனை காலம் தாம் தின்ற ரொட்டிகளை நினைத்தார். தலை சுற்றியது. போதையாகவும் இருக்கலாம்.

ஆனால் மூளையுள்ளவருக்கு வழியா இல்லை? "காய்ச்சிடு. போதை ஆவியா போயிடும். மிச்சத்தை ஊத்து."

"காய்ச்சினா செத்துடும் மாமா."

"கள்ளு சாகுமா? அது என்ன கோழியா?"

"அதுல கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கு மாமா. மாவுல உள்ள இனிப்பைத் தின்னு மூச்சு விடும். அந்த மூச்சுலதான் ரொட்டி உப்புது. கான்வென்ட்ல சிஸ்டர் சொன்னாங்க."

"மடத்துல கள்ளைப் பத்தியா பாடம் நடத்துறாங்க?"

அடுப்பருகே அவரே நின்று கள்ளைக் கொதிக்கவிட்டார். ஆறியதும் புது மாவில் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடினார்கள். மத்தியானம் துணியை விலக்கினார். மாவு படுத்தபடியே கிடந்தது. கல்லறையிலிருந்து லாசரை எழுப்புவதுபோல் மெல்லத் தட்டினார். லாசர் எழவில்லை. சாயங்காலமும் எழவில்லை. ஒரு பிடி எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். கூரை ஓட்டுக்கு ஆகும்.

"புதுக்கள்ளு வேணும் மாமா. காலையில வாங்கியாந்த உங்க மகன் வேலையா பாகான் டாலாம் ஊருக்குப் போயிட்டாரு. நான் அந்தக் கடைக்குப் போக முடியுமா?"

சூசைப்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு, கூஜாவுடன் கிளம்பினார்.

கள்ளுக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், நிற்க முடிந்தவர்கள்.

"தலைவருக்கு இடம் விடுங்க லா!"

"ரொட்டிக்கு வாங்க வந்தேன்."

"நாங்களும் அதுக்குத்தாங்கய்யா!"

கடைக்காரன் கூஜாவை நிரப்பி, மூடக் காகிதம் நீட்டினான்.

"ஒளிச்சு எடுத்துப் போக நான் என்ன திருடனா?"

முதுகு வளையாமல், திறந்த கூஜாவோடு கோயில் தெரு வழியாகவே நடந்தார். தன் வீட்டு வாசலில் நின்ற பாக்கியநாதனுக்கு வாயெல்லாம் பல்.

"என்ன பிள்ளை, கையில?"

"கள்ளு," என்றார் சூசைப்பிள்ளை. "காலையில நேரத்தோட வந்து வரிசையில நில்லுங்க. உங்களுக்கும் ஒரு ரொட்டி தரச் சொல்றேன்."