விழ மறுத்த கணவர்

அவசரப் பிரிவின் முன்மேசையில் நோயாளியின் உறவினர் ஒருவர் தன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதிலிருந்து அந்த நர்ஸ் மருந்துக் கிடங்கில்தான் இருந்தாள். அட்டைப்பெட்டிகள் யார் மீதும் கைநீட்டுவதில்லை. ஆனால் அவளுடைய மனம் முன்மேசையிலேயே கிடந்தது. பயம் தெளியட்டும் என்றுதான் மாலையில் 'தாய் சி' என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தாள்.

கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒருநாள் வாசலில் நின்று வகுப்பை வேடிக்கை பார்த்தார். "தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கே! அடிக்க வர்றவன் அதுவரைக்கும் டீ குடிச்சிட்டு நிப்பானா?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வகுப்பில் அவளுக்கு ஜோடி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவள் லேசாகத் தள்ளினாலே கொடியில் கிடந்த துண்டுபோல் நழுவி விழுவார். அந்தத் தெம்பில், திங்கட்கிழமை முன்மேசைக்குத் திரும்புவதாகத் தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை, சமையலறையில் கணவரிடம் கையை நீட்டினாள். "பிடிங்க, பார்க்கலாம்."

கம்ப்ரசர் தூக்கிப் பழகிய கை. அவள் திருப்பினாள், வளைத்தாள், இழுத்தாள். அசையவில்லை.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல்.

அவள் காலண்டரைப் பார்த்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை.

மாலை வகுப்பில் அதிகாரியிடம் நேராகவே கேட்டாள். "சார், நீங்க நிஜமாவே விழுந்தீங்களா?"

அவர் நெளிந்தார். "எல்லாரும் விழறாங்கம்மா. நான் மட்டும் நின்னா மரியாதையா இருக்குமா?"

"இன்னிக்கு மரியாதை வேணாம் சார்."

அன்று அவர் தூணாக நின்றார். தள்ளித் தள்ளி அவள்தான் தடுமாறினாள். பிறகு அவர் தள்ளும் முறை வந்தது. கடைசியில் அலுத்துப்போய்த் தோளைத் தளர்த்தியபோது, அவளைத் தள்ளிக்கொண்டிருந்த அதிகாரி முன்னால் சாய்ந்து சுவரைப் பிடித்தார்.

"இது நானா விழலைம்மா," என்றார், கொஞ்சம் பயந்துபோய்.

திங்கட்கிழமை. அப்பாவின் ஸ்கேன் தாமதமாகிறதென்று கத்திக்கொண்டிருந்த ஒருவன் பழைய மணிக்கட்டையே பிடித்து இழுத்தான். எதிர்த்து இழுக்கத்தான் கை துடித்தது. தோளைத் தளர்த்தி, அவன் இழுத்த பக்கமே ஓர் அடி போனாள். எதிர்ப்பை எதிர்பார்த்தவன் பின்னால் தள்ளாடி நாற்காலியில் விழுந்தான். பிடி விட்டது. அவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்க் காவலாளியைக் கூப்பிட்டாள். பிறகு கண்ணாடி வழியே சொன்னாள்: "உட்காருங்க. அப்பா ஸ்கேன் என்னாச்சுன்னு கேட்டுச் சொல்றேன்."

வீட்டில் கணவர் கேட்டார். "ஆளைத் தூக்கி எறிஞ்சியா?"

"எங்கங்க எறியறது? அவன் இழுத்தான், போனேன். அவனே உட்கார்ந்துட்டான்."

"விடாமப் பிடிச்சிருந்தான்னா?"

அவள் யோசித்தாள். கிடைத்தது ஒரு கணம். கதவு பக்கத்தில் இருந்ததால் அது போதுமாக இருந்தது.

"இனிமே கதவு எங்க இருக்குன்னு பார்த்துத்தான் நிப்பேன்," என்றவள், மறுபடி கையை நீட்டினாள். "பிடிங்க. பாவம்னு மட்டும் விழுந்துடாதீங்க."