மெயின் சுவிட்ச்சும் நாற்பத்தேழாம் நம்பரும்

மாத்தளை டவுனில் என் நூல்கடைக்கு நேரெதிரே சோமசுந்தரம் முதலாளியின் இரத்தப் பரிசோதனை நிலையம். யார் வருகிறார்கள், யார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. பார்க்கக் கூடாதென்றால் எனக்கு எதிரில் கடை எடுத்திருக்கக் கூடாது.

முதலாளிக்கு ஒரு பழக்கம். பக்கத்துப் பாத்திரக்கடை வயர் கோளாறில் எரிந்ததிலிருந்து, பூட்டும் நேரம் பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, அதே கையோடு மெயின் சுவிட்ச்சைக் கீழே இழுத்துவிடுவார். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். சாமியை நம்புவார், கரண்டை நம்பமாட்டார்.

உள்ளே ஒரு சேர்வர் உண்டு. வருகிறவர்களின் பேர், போன் நம்பர், ரிப்போட் எல்லாம் அதில்தான். அது எழும்பாவிட்டால் மற்றக் கொம்பியூட்டர்களும் எழும்பாது. அதைப் பார்த்துக்கொள்பவன் தம்புள்ளை அஜந்தன். மாதம் ஒருமுறை வருவான், பிளேன்டீ குடிப்பான், நகல் எடுத்து வைக்கும் பெக்கப் டிஸ்க்கில் பச்சை லைட் எரிகிறதா என்று பார்ப்பான், “ஓகே முதலாளி” என்பான், பஸ் ஏறுவான்.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் வரவேற்பு மேசை ரஜனி சேர்வரை அணைக்கப் போக, அது அப்டேட் ஆக ஆரம்பித்துவிட்டது.

“முதலாளி, அது முடிஞ்சு தானா நிக்கும். தொட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் தொடவில்லைதான். சூடம் காட்டினார், மெயினை இழுத்தார். கரண்ட் போனாலும் சேர்வரைத் தாங்கிப்பிடிக்கும் பற்றரிப் பெட்டி கீக் கீக்கென்று கத்த, “சனியன்” என்று அதையும் அமத்தினார். இதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னார்.

திங்கள் காலை சேர்வர் எழும்பவில்லை. ரிப்போட்டுக்கு வந்தவர்களை எல்லாம் ரஜனி வாசலிலேயே திருப்பினாள். “கொம்பியூட்டர் சரியானதும் நாங்களே கோல் எடுப்போம்.”

திரும்பியவர்களில் ஒரு பிள்ளை, தாயோடு என் கடைப்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கையெல்லாம் நீல நீலமாகக் கண்டல். அவர்கள் கலேவெல பஸ் ஏறும் முன்பே, புருஷன்காரன் அடித்திருக்கிறான் என்று எங்கள் கடை வரிசை தீர்ப்புச் சொல்லிவிட்டது. கலியாணம் ஆனவளா என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம், சனிக்கிழமை எடுத்த இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்த ஷிஃபான் வாசலுக்கு ஓடி வந்தான்.

“ரஜனி, நாப்பத்தேழு யாரு? வெள்ளணு கன்னாபின்னான்னு இருக்கு. இந்த ஆள் இன்னைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

கண்ணாடித் துண்டில் நம்பர் மட்டும்தான். பேர் சேர்வரில். ரசீது நோயாளி கையில்.

“உடம்புல கண்டல் இருக்குமா?” என்று என் கடைப்படியிலிருந்தே கேட்டேன்.

“இருக்கும். ஏன், பாத்தீங்களா?”

பார்த்தேன். பஸ்ஸின் நிறம்கூடத் தெரியும். பேர்தான் தெரியாது. ஊர்வம்பெல்லாம் விசாரிக்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

அஜந்தன் வந்து பெக்கப் டிஸ்க்கைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு பிரதி, அவன் சேர்வரைப் பொருத்திக் கொடுத்த முதல் நாளுடையது.

“ராத்திரி ஒரு மணிக்கு எடுக்கிற மாதிரி வச்சிருந்தேனே” என்றான்.

“ராத்திரியில இங்க கரண்டே இருக்காதே தம்பி” என்றார் முதலாளி.

“நீங்க அதச் சொல்லவே இல்லியே!”

“நீ கேக்கவே இல்லியே!”

ஷிஃபான் இருவரையும் முறைத்தான். “சண்டைய அப்புறம் போடுங்க. அந்தப் பிள்ளைட பேர எடுங்க.”

முதலாளி கலேவெலக்கு ஆள் அனுப்பினார். பேர் தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது? போனவன் திரும்பி வந்தான். சேர்வரின் கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து அஜந்தன் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது. வியாழன் பின்னேரம்தான் திரையில் வந்தது: நாற்பத்தேழு, நிப்லா, வயது பத்தொன்பது, கலேவெல. தாய் ஜுனைதாவின் போன் நம்பரும் இருந்தது.

ரஜனி எல்லோருக்கும் கேட்கும்படி போனை வைத்து எடுத்தாள். நானும் தெருவைக் கடந்து உள்ளே போய்விட்டேன்.

“உம்மா, மாத்தளையிலருந்து பேசுறோம். நிப்லாட ரிப்போட் விஷயமா...”

“கொம்பியூட்டர் சரியாகிட்டா, மகள்?” தாயின் குரலில் கோபமே இல்லை. “நீங்க சொன்னதால நாங்க போனப் பாத்துக்கிட்டே இருந்தோம். நேத்து மூக்கால இரத்தம் வந்திச்சு, நிக்கவே இல்ல. ராவே புள்ள போயிட்டா. இன்னைக்கு லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கியாச்சு, மகள்.”

ரஜனி போனை வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

அன்று சூடம் ஏற்றாமலே முதலாளி எழுந்தார். மெயின் சுவிட்ச்சின் மேல் அஜந்தன் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தான். முதலாளியின் கை பழக்கத்தில் அதுவரை போய், அங்கேயே நின்றது. ஷிஃபான் அதைப் பார்த்தான்.

“இனி இழுத்தா என்ன முதலாளி” என்றான்.