சாணக்குழியில் ஊற்றிய சாயம்

ஊர்க் கிணற்று மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் தண்ணிக்காரி. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவள் மகள் வயிற்றுப்போக்கில் துவண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்பாக வீடு திரும்பியிருந்தாள். தண்ணீரைச் சோதித்தவர்கள் சாணக் கழிவு கலந்திருக்கிறது என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத் தடை போட்டார்கள். குடிக்க லாரித் தண்ணீர் வந்தது.

கழிவு யாருடையது? கேட்கவா வேண்டும்? ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர் ஒருவர்தான். தண்ணிக்காரி அவர் வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

பண்ணைக்காரர் கோபப்படவில்லை. "என் குழியில சாயம் ஊத்திப் பாரும்மா. கசிஞ்சா கிணத்துல தெரிஞ்சிடும்."

தண்ணீர் சோதிக்கும் ஆபீசில் சாயம் வாங்கி வந்து, சிவப்பை அவர் குழியில் ஊற்றினாள். தினமும் கிணற்றை எட்டிப் பார்த்தாள். சிவப்பு வரவே இல்லை.

"மேட்டுல இன்னொரு குழி இருக்கே," என்றார் அவர்.

இருந்தது. அவள் வீட்டுக் குழி. நாலே மாடு; வெறும் மண் குழி; கிணற்றுக்குக் கூப்பிடு தூரம்.

கணவன் தடுக்கத் தடுக்கப் பச்சைச் சாயம் வாங்கி வந்து அதில் ஊற்றினாள். சில நாளில் கிணற்றிலிருந்து இறைத்த வாளி பச்சையாக வந்தது. பெற்ற பிள்ளைக்குத் தானே ஊட்டிய விஷமா இது?

"யாரும் பாக்கல. கீழ ஊத்திடு. ஊரே சிரிக்கும்," என்றான் கணவன்.

"சிரிக்கட்டும். பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுனோமே, அப்ப யாரு சிரிச்சா?"

லாரிக்குக் காத்திருந்த குடங்களின் நடுவே வாளியைக் கொண்டுபோய் வைத்தாள். "எங்க வீட்டுக் குழிதான்," என்றாள்.

"தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் ஒருத்தி.

அன்றே தண்ணிக்காரி மாடுகளை ஓட்டிக்கொண்டு பண்ணை வாசலில் நின்றாள்.

"இதுங்களுக்குக் கொஞ்சம் எடம் குடுங்கண்ணே. கிணத்துப் பக்கம் இனிமே கட்ட மாட்டேன். அன்னிக்குப் பேசினது தப்புதான்."

"அன்னைக்கு நீ திட்டினதுல என் மாடுங்களே மிரண்டு போச்சு," என்றபடி அவர் கேட்டைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழியில் இறங்கிச் சாணத்தை வாரத் தொடங்கினாள். மேலே மகள் வந்து நின்றாள்.

"இனி கிணத்துத் தண்ணி குடிக்கலாமாம்மா?"

"இன்னும் இல்லடி கண்ணு. இதை வழிச்சு எடுக்கணும், கிணத்தை எறைக்கணும், மறுபடி சோதிக்கணும். அப்புறம் முதல் டம்ளர் அம்மா குடிப்பேன். ரெண்டாவதுதான் உனக்கு."

சொல்லிவிட்டு மண்வெட்டியை மறுபடி இறக்கினாள்.