வீரையடிக்குளத்தின் இரண்டு பூட்டு

குனிந்தால் நிமிர ஏலாது, நிமிர்ந்தால் குனிய ஏலாது. இரண்டு நாளாகக் கனகசுந்தரத்துக்கு இதே பாடுதான். இடுப்பிலே தொடங்கிய நோ இடது தொடை வழியாக இறங்கி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தைந்து பேர் சேர்ந்து அரை நாளில் வெட்டித் துப்புரவாக்க வேண்டிய வாய்க்காலை ஒரு ஆள் தனிய வெட்டினால் இடுப்பு வேறென்ன செய்யும்?

அவர் வீரையடிக்குளத்து வட்டவிதானை. கமக்காரர் கூடிக் கைதூக்கித் தெரிவு செய்த ஆள். குளத்து மதகுத் துருசை எந்த நாள் திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் சொல்லில்தான் நடக்கும்.

குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற மேல்வெளி தமிழ் ஆட்களின் காணி. அதற்கும் கீழே, அதே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற கீழ்வெளி இறக்கக்கண்டிப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் காணி. மழை பொய்த்த வருசங்களில் கீழ்வெளியைத் தரிசாக விட்டுவிடுவார்கள். மேல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசிப் பக்கத்துத் துண்டுகளை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கீழ்வெளிக்காரருக்கு விடுவார்கள். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற நிலம், அந்த நிலத்தில் எல்லாருக்கும் பங்கு. தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சிறுபோகத்தில் இருபத்தைந்து துண்டு. முதல் பதினான்கு மேல்வெளிக்காரர், மிச்சம் பதினொன்று கீழ்வெளிக்காரர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முறைத் தண்ணீர் கடைசித் துண்டிலிருந்துதான் தொடங்கும். துருசுக்குக் கிட்ட இருக்கிறவன் எப்போதும் குடிக்கலாம். கடைசியில் இருக்கிறவன் முந்திக் குடித்தால்தான் உண்டு.

தொண்ணூறில் சண்டை வந்து இரண்டு ஊரும் ஓடின. மூன்று வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஒவ்வொருத்தர் வாயிலும் ஒவ்வொரு கதை இருந்தது. ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது, ஆருடைய கூரை ஓடுகளை ஆர் கழற்றினது, ஆருடைய மாடு ஆருடைய பட்டியில் நிற்கிறது. அந்தக் கதைகளுக்கு நடுவில் கீழ்வெளி அபூதாஹிரும் கனகசுந்தரமும் மூன்று நாள் குளக்கட்டின் அடியில் குந்தியிருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். துருசுச் சில்லுக்கு இரண்டு சங்கிலி, இரண்டு பூட்டு. ஒரு பூட்டின் திறப்பு இங்கே, மற்றப் பூட்டின் திறப்பு அங்கே. நம்பிக்கை இல்லாததால் போட்ட பூட்டு. ஆனாலும் அந்த நாளிலிருந்து ஒரு முறை கூடத் தண்ணீர் களவு போகவில்லை.

திங்கட்கிழமை கரையோர றோட்டில் கண்ணிவெடி ஒன்று ஆமி ட்ரக்கைத் தூக்கியது. அன்றைக்கே பாதையைப் பூட்டினார்கள். பாஸ் இருந்த ஆட்களுக்கும் வழியில்லை. அபூதாஹிரும் அவருடைய திறப்பும் ஆமியின் சென்றிக் காவலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. வாய்க்கால் வெட்டக் கீழ்வெளிக்காரர் வர வழியில்லை; பூட்டுத் திறபடாமல் மேல்வெளிக்காரர் இறங்கவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் தண்டுக்குள்ளே கிடந்து வெளியே வரத் தண்ணீர் கேட்கிற நேரம். இரண்டு நாள் பிந்தினால் மணியில்லாத சப்பிதான் மிஞ்சும். குளத்திலோ துருசு வாய்க்கு மேலே இரண்டு சாண் தண்ணீர். ஒரே ஒரு முறை திறந்துவிடத்தான் காணும்.

“அத்தான், இன்னும் என்னத்தைச் சுரண்டுறியள்?”

தலைக்கு மேலே வரம்பில் மனைவியின் தம்பி தவராசா நின்றான். தோளில் இரும்பு அலவாங்கு. பின்னால் மேல்வெளிச் சோமசேகரமும் இன்னும் ஏழெட்டுப் பேரும்.

“உதால சங்கிலியில ரெண்டு தட்டுத் தட்டினா அலுவல் முடிஞ்சுது.”

“தட்டு. தட்டிப்போட்டு நீயே விதானையா இரு.”

சோமசேகரம் சிரித்தான். “அவன் விதானையா வந்தா முதல் தண்ணி அவன்ர வளவு வாழைக்குத்தான்.”

“பகிடி விடாத. என்ர வயலுக்குள்ள கால் வைச்சுப் பார், வெடிப்புக்குள்ள முழங்கால் போகுது.” தவராசா கீழே குதித்தான். “அத்தான், றோட்டு எப்ப திறக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? அவங்கள் வரவும் மாட்டாங்கள். வெடி எங்கட பக்கத்தாலதான் வந்ததெண்டு ஆமிக் காம்பில சொல்லிக் குடுத்ததே அவங்கள்தானாம்.”

“ஆர் சொன்னது?”

“சனம் கதைக்குது.”

“சனத்துக்குப் பேர் இல்லையோ?”

தவராசா அலவாங்கை மண்ணில் குத்தி நிறுத்தினான். மற்ற ஆட்கள் கனகசுந்தரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தச் சண்டையில் இடைநடுவில் நிற்க ஏலாது என்று அவருக்கு விளங்கியது. இன்றைக்கு மறித்தால் நாளைக்கு அவர் இல்லாத நேரம் சங்கிலி அறும். ஒரு சங்கிலி அறுந்தால் மற்றச் சங்கிலிக்கும் மதிப்பில்லை. பிறகு அடுத்த போகம் இந்த வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நிற்கப்போவது தண்ணீர் கட்டவல்ல.

அந்த நேரம்தான் வண்டிப்பாதையில் ஒரு சைக்கிள் வந்தது. குடும்பநல மிஸி றுக்கியா. குழந்தைப் பிள்ளைகளை நிறுக்கிற தராசும் துணிப்பையும் கூடைக்குள் கிடந்தன. பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற ஆள் என்று அவவை மட்டும் சென்றியில் விடுவார்கள்.

“விதானை அண்ணே, இஞ்சால ஒருக்கா வாங்க.”

துணிப்பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்து நீட்டினா. “சென்றியில இதைப் பாத்திட்டு என்னெண்டு கேட்டவன். வீட்டு அலுமாரித் திறப்பு எண்டன். அல்லாட காவல், விட்டுட்டான்.”

“அபூதாஹிர் நானா தந்தவரோ?”

“ஓம். பயிர் காயுது, திறக்கச் சொல்லுங்க எண்டார்.”

“கடைசித் துண்டிலயிருந்து தொடங்கச் சொன்னவரோ?”

“அதையும் சொல்லட்டா எண்டு நான் கேட்டனான். ‘அது விதானைக்குத் தெரியும் புள்ள. சொல்லி அனுப்பினா மனுசன் குறை நினைக்கும்’ எண்டார்.”

தவராசா அலவாங்கைப் பிடுங்கித் தோளில் போட்டான். கனகசுந்தரம் திறப்பை வாங்கினார். திறப்பு வியர்வையில் நனைந்திருந்தது.

குளக்கட்டில் ஆமிக்காரரின் காவல் இருந்தது. கோப்ரல் சின்னப் பெடியன், தமிழ் கொஞ்சம் தெரியும். மணிக்கூட்டைக் காட்டினான்.

“இப்ப ஏழு. பன்னண்டுக்குக் குளோஸ். ஒரு நிமிசம் கூட இல்ல. சரியா?”

“சரி மாத்தயா,” என்றார் கனகசுந்தரம், சிங்களத்து மரியாதையோடு.

அஞ்சு மணித்தியாலம். காய்ந்த வாய்க்கால் நனைந்து தண்ணீர் கடைசிக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். பதினொரு துண்டுக்கும் ஒன்றரை. மேலே உள்ள பதினாலுக்கும் இரண்டு. அரைச்சாண் ஆழத்தோடு ஒவ்வொருத்தரும் அடைத்துக்கொண்டால் மட்டுமட்டாகக் காணும். அவர் மனதுக்குள் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். இரண்டு பூட்டையும் திறந்து சில்லைச் சுற்றினார். தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு, சருகும் மண்ணுமாக வாய்க்காலில் விழுந்தது.

பதினாலு வக்கடைக்கும் மண்கட்டி வைத்து அடைத்திருந்தார்கள். வரம்பை வெட்டி வயலுக்குள் தண்ணீர் விடுகிற அந்த வாயிலே ஒவ்வொருத்தனும் தன் மண்வெட்டியோடு நின்றான். தண்ணீர் அவர்களுடைய காலடியால் போனது.

வாய்க்கால் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. எட்டேகால் ஆகியும் தண்ணீர் ஏழாம் துண்டைத் தாண்டவில்லை.

“இந்தப் போக்கில போனா கடைசிக்குப் போகப் பத்து மணி,” என்றான் சோமசேகரம். இப்போது பகிடி இல்லை.

“போகும். வாய் நனைஞ்சா ஓடும்,” என்றார் கனகசுந்தரம்.

எட்டரைக்குக் கடற்பக்கம் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. பிறகு குச்சவெளித் திசையில் இரண்டு இடி. நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. குளக்கட்டில் ஆமிக்காரர் ஓடினார்கள், கத்தினார்கள். ஒருத்தன் துருசடிக்கு வந்து சில்லில் கையை வைத்தான்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

“மூடப் போறாங்கள்!” தவராசா கத்தினான். “அத்தான், மூடப் போறாங்கள்!”

கனகசுந்தரம் மூன்றாம் துண்டடியில் நின்றார். அது அவருடைய துண்டு. மாரியும் விளையவில்லை. இதுவும் போனால் திரும்பவும் லிங்கநகரில் மைத்துனி வீட்டுக் குசினி மூலையில் பாய் போட வேண்டும். ஊர் ஓடிய மூன்று வருசமும் அங்கே கிடந்தவர். அந்த வீட்டில் தன்னுடைய மனைவி இராசமலர் மற்றவர்கள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் பசிக்கவில்லை என்று சொன்ன குரல் அவருக்குத் தெரியும்.

தவராசா அவருடைய கையைப் பிடிக்கவில்லை. ஆரும் தள்ளவில்லை. மண்வெட்டி அவருடைய கையில்தான் இருந்தது. ஓங்கி ஒரு வெட்டு. மண்கட்டி உடைந்து, தண்ணீர் அவருடைய வயலுக்குள் பாய்ந்தது.

அதற்குப் பிறகு ஆரும் விதானையைக் கேட்கவில்லை. பதினாலு வக்கடையும் ஒரே மூச்சில் திறபட்டன.

“அரைச்சாண்! அரைச்சாணோட அடைக்க வேணும்!” என்று அவர் கத்தினார்.

சில்லில் கை வைத்த ஆமிக்காரன் அதிலே சாய்ந்து நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கட்டி முடித்துக் காவலுக்குத் திரும்பிப் போனான். ஹெலிகொப்டர் கடலுக்கு மேலே போய் மறைந்தது. துருசு திறந்தபடியே இருந்தது.

ஒன்பதரைக்கு அவர் தன் வக்கடையை அடைத்தார். பிறகு ஒவ்வொரு துண்டாக ஓடினார். ஓட ஏலாத இடுப்போடு ஓடினார். அரைச்சாண் எப்போதோ தாண்டி, வரம்பு முட்டத் தண்ணீர் நின்றது. அடைக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார்கள். ஆமிக்காரன் மூட மாட்டான் என்று இப்போது தெரிந்தும் அடைக்கவில்லை. முந்தித் திறந்தவர் விதானை; அவர் சொல்லுக்கு இனி என்ன பாரம்?

தவராசா தன் வக்கடையில் குறுக்கே நின்றான். “இதில தொட்டுப் பாருங்கோ அத்தான்.”

“அடையடா. அந்தச் சனத்தின்ர திறப்பாலதான் இந்தத் தண்ணி வந்தது.”

“நீங்கள் வெட்டேக்க அது தெரியயில்லையோ?”

அவர் நொண்டிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனார். பதினொன்றே முக்காலுக்குத்தான் மேல்வெளிக்காரரின் கடைசி வக்கடை அடைபட்டது. தண்ணீர் பதினைந்தாம் துண்டின் எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கோப்ரல் விசில் ஊதினான். மணி பன்னிரண்டு. ஒரு நிமிசம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. ஆமிக்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

பின்னேரம் அந்த வாய்க்கால் தண்ணீரையும் மண் குடித்துவிட்டது. குளத்தில் தண்ணீர் துருசு வாய்க்குக் கீழே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பாதை திறந்தது. காலமையே அபூதாஹிர் பத்துப் பேரோடு சைக்கிளில் வந்தார். முதலில் விதானையிடம் வந்து, கடதாசியில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினார். “எங்கட கரை வலையில பட்டது. வீட்டில குடுங்க.” அதற்குப் பிறகுதான் வயலுக்கு இறங்கினார்.

பதினைந்தாம் துண்டில் நின்று ஒரு பயிரைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கீறினார். உள்ளே கதிர் வெள்ளை நூலாகக் காய்ந்து கிடந்தது. மேலே திரும்பிப் பதினான்காம் துண்டைப் பார்த்தார். அது பச்சையாக நின்றது.

“என்ன விதானையார், ஆமி இடையில மூடிப்போட்டானோ?”

தவராசா முந்திக்கொண்டான். “ஓம் நானா. ஒம்பது மணிக்கே வந்து...”

“வாயை மூடு,” என்றார் கனகசுந்தரம். “இல்லை நானா. பன்னிரண்டுக்குத்தான் மூடினவன். நாங்கள் மேலயிருந்து திறந்தனாங்கள். முதல் வெட்டினது என்ர வக்கடை.”

அபூதாஹிரோடு வந்தவர்களில் அலியார் என்ற ஆள் மண்வெட்டியை மாற்றிப் பிடித்தார். மேல்வெளிப் பக்கமும் மண்வெட்டிகள் அசைந்தன. குளக்கட்டில் நின்ற ஆமிக்காரன் எழும்பிப் பார்த்தான்.

“அலியார், அதைக் கீழ வை,” என்றார் அபூதாஹிர். திரும்பாமலே சொன்னார். “காம்புக்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான். இதில வெட்டுப்பட்டா ரெண்டு ஊரையும் அவன் வந்து பாத்துக்கொள்ளுவான்.”

அலியார் வைக்கவில்லை. ஆனால் தாழ்த்தினார்.

“நானா, என்ர துண்டில பாதியை வெட்டுங்கோ,” என்றார் கனகசுந்தரம். “மற்ற ஆக்களிட்டையும் கேட்டு வாங்கித் தாறன்.”

“வேணாம்.”

“உங்கட பிள்ளையள் என்ன தின்னுறது?”

“கடல் இருக்கு. கூலி இருக்கு. அது எங்கட பாடு.” அபூதாஹிர் கீறிய பயிரைக் கையில் வைத்திருந்தார். “உங்கட நெல்லை வெட்டிக்கொண்டு போனா நீங்களும் நானும் கணக்குத் தீர்ந்து சரியாப் போயிருவம். எனக்குச் சரியாப் போக விருப்பமில்லை. தண்ணியில பட்ட கடன், விதானையார். தண்ணியாத் தாங்க.”

திறப்பைக் கேட்டு வாங்கினார். பத்துப் பேரும் அவருக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

மாரியில் மழை பெய்து குளம் நிரம்பி வான் பாய்ந்தது. பாய்ந்தும் பயனில்லை. அதற்குள் காவல் முகாமாகிவிட்டது. குளக்கட்டில் மண்மூட்டை அடுக்கினார்கள், முள்ளுக்கம்பி அடித்தார்கள், துருசடிக்கு ஆரும் போகக்கூடாது என்றார்கள். மேல்வெளியும் கீழ்வெளியும் ஒன்றாகப் பற்றைக் காடாயின. அபூதாஹிர் சந்தையில் கண்டால் சுகம் கேட்பார். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

கனகசுந்தரம் கீழ்வெளிக்காரரின் பதினொரு துண்டுக்கும் ஒரு முறைத் தண்ணீர் கடன்பட்டவர். அது இன்னும் குடுபடவில்லை.