கூழைக்கடாவின் நடை

எல்வுட் வரைந்த கூழைக்கடாவுக்கு மைக்கோடு இழுத்தவள் நான்தான். அவன் பென்சிலில் போட்டுத் தரும் ஒவ்வொரு படத்தையும் செல்லுலாய்டு தாளில் நகலெடுப்பது எங்கள் அறைப் பெண்களின் வேலை. அந்தக் கூழைக்கடாவுக்கு நிப்ஸி என்று பெயர். அது வரும் முதல் கார்ட்டூன் படம் அதுதான். மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. இடதுகாலை அரைவட்டமாகச் சுழற்றி வைத்து, விழாமலிருக்கத் தலையை வெடுக்கென்று நிமிர்த்திக்கொள்ளும் அந்த நடை அவன் மனைவி கொரினுடையது. சிறு வயதில் அவளுக்கு இளம்பிள்ளை வாதம். கல்யாணத்துக்கு முன் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள்.

"இது கொரினோட நடைதானே?" என்று எல்வுட்டிடம் கேட்டேன்.

"ஆமா. ஆறு மாசமா எப்படி வரைஞ்சாலும் செத்த பறவை மாதிரியே கிடந்துச்சு. இதை வச்சதும் உசுரு வந்துடுச்சு பாரு."

"அவகிட்ட சொன்னியா?"

"தியேட்டர்ல பார்க்கட்டும். சந்தோஷப்படுவா."

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிளெண்டேல் கொட்டகையில் முதல் காட்சி. கொரின் புது நீலத் தொப்பி அணிந்து வந்திருந்தாள். நிப்ஸி மீன்கூடையோடு திரையின் ஓரத்திலிருந்து நடந்து வந்ததுதான் தாமதம், கொட்டகையே அதிர்ந்தது. எங்கள் முதலாளி கெஸ்லர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். கொரின் எழவில்லை.

"வா, போகலாம்" என்றான் எல்வுட்.

"எல்லாரும் போகட்டும். நான் நடக்குறதை இவங்க பார்க்க வேணாம்."

"ஆசையாத்தான் வரைஞ்சேன், கொரின்."

"தெரியும். பள்ளிக்கூடத்துல பசங்க என் பின்னாடியே இப்படி நடந்து காட்டுவாங்க. அவங்ககூட இவ்வளவு சரியா செஞ்சதில்ல."

அடுத்த வாரம் அவள் ஃப்ரெஸ்னோவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நடையை மாற்றிவிடலாம் என்று எல்வுட் கெஸ்லரிடம் கெஞ்சினான்.

"நடையை எடுத்துட்டா அதுல என்னய்யா இருக்கு? இன்னும் ஆறு படத்துக்கு ஒத்துக்கிட்டாச்சு. உன்னால முடியலைன்னா வேற ஆள் வரைவான்."

இன்னொருவன் அவள் காலை வரைவதை எல்வுட்டால் தாங்க முடியவில்லை. அவனே வரைந்தான்.

வசந்தத்தில் நான் ஃப்ரெஸ்னோ போய் கொரினிடம், எனக்கு முன்பே தெரியும் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு வந்திருக்கவே மாட்டேன்" என்றாள். "அவரோடவே இருந்திருப்பேன்."

மே மாதம் விவாகரத்துப் பத்திரம் ஸ்டூடியோவுக்கே வந்தது. எல்வுட் அதை இரண்டு முறை படித்தான், கையெழுத்திட்டான், பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.